பேசாத உடல், பேசும் உடல்

மகளிர் மருத்துவம் படிக்கும் மாணவர் கற்றே ஆகவேண்டிய, ஆனால் புத்தகத்தை வைத்துக் கற்க முடியாத வேலை ஒன்று உண்டு. நம் ஆஸ்பத்திரிகளில் அதைப் ‘பி.வி. பார்ப்பது’ என்பார்கள், எழுத்தில் உள்பரிசோதனை. ஒரு கையின் இரு விரல்கள் யோனிக்குள்ளும் மறு கை அடிவயிற்றின் மேலும் இருக்க, இரண்டுக்கும் நடுவே கருப்பை பிடிபட வேண்டும். அது முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா, பின்பக்கமா? எத்தனை வாரக் கர்ப்பத்தின் அளவு? அசைகிறதா, ஒட்டிக்கிடக்கிறதா? கருப்பை வாயை அசைத்தால் வலிக்கிறதா? பக்கவாட்டில் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா? இத்தனை கேள்விக்கும் விரல்தான் பதில் சொல்ல வேண்டும். மாணவரின் விரல் எதைத் தொடுகிறது என்று பக்கத்தில் நிற்கும் பேராசிரியருக்குத் தெரியாது. பேராசிரியர் எதைத் தொட்டார் என்று மாணவருக்கும் தெரியாது. கருப்பை கைக்கு அகப்படாமலேயே ‘நார்மல் சைஸ் சார்’ என்று சொல்லித் தப்பித்தவர்கள் எல்லா நாட்டுக் கல்லூரிகளிலும் இருப்பார்கள்.

விரல் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது, எங்கே வலிக்கிறது என்பதெல்லாம் அந்த அறையில் ஒருவருக்குத் தெரியும். படுத்திருக்கும் பெண்ணுக்கு.

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்தப் பரிசோதனையைக் கற்பிக்க மேலைநாட்டுக் கல்லூரிகளில் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றில், அறுவை சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணின் உடலில் மாணவர்கள் பழகினார்கள். மற்றதில், தன் உடலைக் கொண்டே பாடம் நடத்தும் பெண்ணிடம் கற்றார்கள். இவ்விரண்டையும் ஒப்பிடுவோர் வழக்கமாக ஒப்புதல் என்ற ஒரே தராசில் நிறுத்துவார்கள். தீர்ப்பும் உடனே வந்துவிடும். அந்தத் தீர்ப்பில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் இன்னொரு கேள்வி கேட்கப்படாமலே போகிறது: இந்த இரண்டு இடங்களிலும் மாணவரின் கை எதைக் கற்றது?

முதல் வழி ஆபரேஷன் தியேட்டரில் நடந்தது. கருப்பையை நீக்க வந்த பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்தபின், கத்தி வைக்குமுன், அறுவை மருத்துவர் ஒருமுறை உள்பரிசோதனை செய்வதுண்டு. அது அந்தப் பெண்ணின் சிகிச்சைக்கே உதவுவது. தசைகள் தளர்ந்திருக்கும்போது கட்டியின் அளவும் அசைவும் தெளிவாகத் தெரியும். வயிற்றைத் திறப்பதா, கீழ்வழியாக எடுப்பதா என்ற முடிவே மாறலாம். அவர் பார்த்து முடித்ததும் மாணவரை அழைப்பார். பிறகு இன்னொரு மாணவர், பிறகு மூன்றாமவர். இந்த இரண்டாவது, மூன்றாவது கைகளால் படுத்திருப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. பயிற்சி ஆஸ்பத்திரியில் சேரும்போது கையெழுத்திட்ட பொதுப் படிவத்தில் மாணவர்களும் இருப்பார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும்; அதுவே போதும் என்று நினைத்தார்கள்.

இது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்த காரியமல்ல. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா வட்டாரத்தின் ஐந்து மருத்துவக் கல்லூரிகளில் எடுத்த கருத்தாய்வு ஒன்று 2003இல் வெளிவந்தது. மகளிர் மருத்துவப் பயிற்சியை முடித்திருந்த மாணவர்களில் 90 சதவீதம் பேர், மயக்கத்தில் இருந்த பெண்களைப் பயிற்சிக்காகப் பரிசோதித்ததாகச் சொன்னார்கள். அதே ஆண்டு ஜனவரியில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் இங்கிலாந்துக் கல்லூரி ஒன்றைப் பற்றிய ஆய்வு வந்தது. மயக்கத்தில் இருந்தவர்களிடம் மாணவர்கள் செய்த அந்தரங்கப் பரிசோதனைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு முறையான ஒப்புதல் இல்லை என்றது அது. அதை எழுதியவர்களில் முதற்பெயர் இவெட் கோல்டிகாட். அப்போது அவரே மருத்துவ மாணவி.

நியூசிலாந்தில் விஷயம் முன்பே வெளியே வந்துவிட்டது, அதுவும் வேறொரு வழக்கின் வாலைப் பிடித்துக்கொண்டு. ஆக்லாந்தின் நேஷனல் விமன்ஸ் ஆஸ்பத்திரியில், கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் கண்ட பெண்களுக்கு உரிய சிகிச்சை தராமல் ஆண்டுக்கணக்காக வெறுமனே கவனித்து வந்ததை, 1987 ஜூனில் ‘மெட்ரோ’ இதழில் சாண்ட்ரா கோனியும் ஃபிலிடா பங்கிளும் எழுதினார்கள். நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து 1988இல் அறிக்கை தந்தார். மயக்கத்தில் கிடந்த பெண்களை அவர்களுக்குத் தெரியாமல் மாணவர்கள் உள்பரிசோதனை செய்துவந்ததும் அந்த விசாரணையில்தான் வெளிப்பட்டது. 1996இல் வந்த அந்நாட்டு நோயாளர் உரிமைச் சட்டகத்தில், சிகிச்சைக்குள்ள உரிமைகள் அத்தனையும் கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் பொருந்தும் என்று ஒரு பிரிவே சேர்த்தார்கள்.

இனி அந்தத் தியேட்டர் வழிக்கு உரிய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். விழித்திருக்கும் பெண் வலியிலும் கூச்சத்திலும் வயிற்றை இறுக்கிக்கொள்வார். புதிய கை அந்த இறுக்கத்தைத் தாண்டி எதையும் உணராது. மயக்கத்தில் சுவரே இல்லாததுபோல் கருப்பை கைக்கு வரும். மேலும் அங்கே வருவது நோயுள்ள உடல். பதினாறு வார அளவுக்கு வளர்ந்த நார்க்கட்டி, சினைப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் நோயால் பின்னால் ஒட்டி அசையாமல் கிடக்கும் கருப்பை ஆகியவற்றை ஒருமுறை தொட்டவருக்கு அடுத்த முறை சந்தேகம் வராது. இன்னொரு சிறப்பும் உண்டு. சற்று நேரத்தில் வயிறு திறக்கப்படும். விரல் ஊகித்ததைக் கண் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்தப் பரிசோதனையில் அப்படி உடனுக்குடன் விடை தெரியும் இடம் வேறு இல்லை. பழைய பேராசிரியர்கள் இந்த முறையை விட மனமில்லாமல் இருந்ததற்கு ஆணவம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் விடை தெரிவது உறுப்பைப் பற்றி. கை எப்படிப் போனது என்பதற்கு அங்கே விடை கிடையாது. தேவைக்குமேல் அழுத்தினாலும், கட்டைவிரல் படக்கூடாத இடத்தில் பட்டாலும், யோனியை விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலத்தைத் திருகி நுழைத்தாலும் மயங்கிய உடல் முகம் சுளிக்காது. ஆக அங்கே பழகிய கை துணிச்சலான கையாக வெளியே வரும். மென்மையான கையாக வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஃபிலடெல்ஃபியா ஆய்வில் 90 சதவீதம் என்ற எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அதில் முக்கியமானது இன்னொரு முடிவு. மாணவர் பரிசோதிக்குமுன் பெண்ணின் சம்மதம் கேட்பது எவ்வளவு முக்கியம் என்ற கேள்விக்கு, மகளிர் மருத்துவப் பயிற்சியை முடித்தவர்கள், இன்னும் அங்கே போகாதவர்களைவிடக் குறைந்த மதிப்பே கொடுத்தார்கள். சில வாரப் பயிற்சியில் கருப்பையின் சாய்வைக் கண்டறியக் கற்றவர்கள், கேட்கத் தேவையில்லை என்பதையும் சேர்த்தே கற்றிருக்கிறார்கள். எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படாத இந்தப் பாடத்தைத் தியேட்டர் சத்தமில்லாமல் நடத்தி முடித்துவிட்டது.

இரண்டாவது வழி அயோவா பல்கலைக்கழகத்தில் உருவானது. அதற்கும் ஒரு கோணலான முன்கதை உண்டு. ராபர்ட் கிரெட்ஸ்மார் என்ற பேராசிரியர் 1968இல் ஒரு செவிலியரைச் சம்பளத்துக்கு அமர்த்தி மாணவர்கள் அவர்மீது பழக ஏற்பாடு செய்தார். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் தெரியாதபடி திரையிட்டு மறைத்தார்கள். அவரும் மாணவரும் பேசிக்கொள்ளவில்லை. அதே காலத்தில் வேறு சில கல்லூரிகள் பாலியல் தொழிலாளிகளுக்குக் கூலி கொடுத்து இந்த வேலைக்கு அழைத்துவந்தன. சம்மதம் என்ற தராசில் வைத்தால் இவை தேறிவிடும்: கேட்டார்கள், சம்மதித்தார், சம்பளமும் பெற்றார். ஆனால் மாணவரின் கையைப் பொறுத்தவரை, திரைக்குப் பின்னால் விழித்திருந்த அந்தச் செவிலியருக்கும் தியேட்டரில் மயங்கிக் கிடந்தவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இருவராலும் அந்தக் கையைத் திருத்த முடியாது.

விழித்திருப்பதே ஒரு பாதுகாப்பு என்று எண்ணுபவர்கள் இன்னும் ஒரு நூற்றாண்டு பின்னால் போய்ப் பார்க்கலாம். அலபாமாவின் மான்ட்கோமரியில் 1845 முதல் 1849 வரை ஜே. மேரியன் சிம்ஸ் அடிமைப் பெண்கள்மீது அறுவை செய்து பழகினார். பிரசவச் சிக்கலால் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்து சிறுநீர் ஓயாமல் ஒழுகிக்கொண்டிருந்த பெண்கள் அவர்கள். அனார்கா, லூசி, பெட்சி என்ற மூன்று பெயர்கள் மட்டும் அவர் எழுத்தில் மிஞ்சியிருக்கின்றன. அனார்காவுக்கு மட்டும் முப்பது முறை. மயக்க மருந்து கிடையாது; மூவரும் முழு விழிப்பில் இருந்தார்கள். அந்தச் சிம்ஸின் பெயரைத் தாங்கிய ஸ்பெகுலத்தைத்தான் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி வைவா மேசைகளில் இன்றும் எடுத்து நீட்டி, ‘இது என்ன, எப்படிப் பிடிப்பாய்?’ என்று கேட்கிறார்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவர் சிலையை 2018இல் அகற்றிவிட்டார்கள். கருவி நல்ல கருவி, அது போகாது.

கிரெட்ஸ்மார் 1972இல் திரையை எடுத்துவிட்டார். அமர்த்தப்பட்ட பெண்ணே ஆசிரியர் ஆனார். ‘கைனகாலஜி டீச்சிங் அசோசியேட்’ என்று அந்த வேலைக்குப் பெயர் வைத்தார்கள். இவர்கள் உடற்கூறியலும் பரிசோதனை முறையும் முறையாகப் பயின்றவர்கள். சாய்ந்து உட்கார்ந்தபடி, தேவைப்பட்டால் கையில் கண்ணாடி பிடித்துக்கொண்டு, மாணவரின் கையை வழிநடத்துவார்கள். ‘இன்னும் கொஞ்சம் மேலே... இப்போது உன் விரல் நுனியில் இருப்பது கருப்பை வாய்... மேல்கையை இன்னும் தாழ்வாக வை... இதோ, இப்போது என் கருப்பையைத் தொடுகிறாய்’ என்று சொல்லக்கூடிய ஒரே ஆசிரியர் அவர்தான். பேராசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே இருந்த இருட்டு, பரிசோதிக்கப்படுபவரே ஆசிரியரானதும் விலகிவிட்டது.

அவர்கள் கற்பிக்கும் சின்னச் சின்ன விஷயங்களைக் கேட்டால், மூத்த மருத்துவர்கள்கூடத் தங்கள் பழக்கத்தைச் சற்று எண்ணிப்பார்ப்பார்கள். தொடுமுன் தொடப்போவதைச் சொல். முதலில் புறங்கையால் தொடையைத் தொட்டு, கை வந்திருப்பதை அறியவிடு. ‘ரிலாக்ஸ், ரிலாக்ஸ்’ என்று அதட்டாதே. முழங்கால்களைப் பக்கவாட்டில் தளரவிடச் சொன்னால் தசை தானே தளரும். பார்த்து முடித்ததும் என்ன கண்டாய் என்பதைச் சொல். மௌனமாகக் கையுறையைக் கழற்றினால் அந்தப் பெண் புற்றுநோய் என்றுதான் நினைப்பார். கருத்தூன்றிப் பார்த்தால் இவை நல்லொழுக்கப் பாடங்கள் மட்டுமல்ல, பரிசோதனை நுட்பங்களும்கூட. பயந்த பெண்ணின் வயிறு கல்லாகிவிடும். கல்லான வயிற்றில் கருப்பை பிடிபடாது. தியேட்டரில் மருந்து செய்த தளர்ச்சியை இங்கே மாணவர் தன் பேச்சாலும் கையாலும் வரவழைக்கக் கற்கிறார். நாளைக்குக் கிளினிக்கில் அவருக்குத் தேவைப்படப்போவது அந்தத் திறமைதான். அங்கே யாரும் மயக்க மருந்து போட்டுக்கொண்டு வருவதில்லை.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. பாடம் நடத்துபவர் ஆரோக்கியமானவர். அவரிடம் நார்க்கட்டி இருக்காது. கருப்பை வாயை அசைத்தால் துடிக்கவைக்கும் அழற்சி இருக்காது. இயல்பு எது என்று அவரிடம் தெளிவாகக் கற்றுக்கொள்ளலாம். இயல்பு பிறழ்ந்தால் எப்படி இருக்கும் என்று அவரால் காட்ட முடியாது. ஒவ்வொரு மாணவர் குழுவுக்கும் சம்பளம் கொடுத்து இத்தகையவர்களை அமர்த்துவது செலவு பிடிக்கும் ஏற்பாடும்கூட. அதோடு, யார் யாருக்குக் கற்பிக்கிறார்கள் என்ற அதிகாரக் கேள்வி எளிதில் அடங்குவதில்லை. 1970களின் நடுவில் பாஸ்டன் பகுதிப் பெண்கள் நல மையம் ஒன்று ஹார்வர்டு மாணவர்களுக்கு இப்படிப் பாடம் எடுத்தது. போகப்போக அந்தப் பெண்கள், மாணவிகளுக்கு மட்டுமே கற்பிப்போம், கற்பிப்பவர் கற்பவர் என்ற ஏற்றத்தாழ்வு கூடாது என்று நிபந்தனைகளை வளர்த்தார்கள். கல்லூரிகள் ஒத்துக்கொள்ளவில்லை, திட்டம் நின்றுபோனது. அந்தப் பெண்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாளைக்கு ஆயிரக்கணக்கான பெண்களைப் பரிசோதிக்கப்போகும் ஆண் மாணவர்களை வெளியே நிறுத்திவிட்டால், மோசமாகக் கற்க அவர்களுக்குத் தியேட்டர் இருக்கவே இருந்தது.

பிளாஸ்டிக் இடுப்பு மாதிரிகளைப் பற்றி ஒரு வார்த்தை போதும். பேசாத உடலின் இன்னொரு வடிவம் அது. அமெரிக்க அறுவை மருத்துவர் கார்லா பியூ அதற்குள் உணரிகளைப் பொருத்தி, விரல் எங்கே எவ்வளவு அழுத்துகிறது என்று திரையில் தெரியும்படி செய்தார். பேராசிரியரின் இருட்டு அதனாலும் கொஞ்சம் விலகியது. வலி மட்டும் அந்தத் திரையில் தெரியாது.

நம் ஊர் இந்த இரண்டில் எதிலும் அடங்காது. இங்கே மாணவர் பெரும்பாலும் கற்பது அரசு ஆஸ்பத்திரியின் மகளிர் புறநோயாளிப் பிரிவில். பெண் விழித்திருக்கிறார், மாணவரின் மொழியே அவர் மொழியும். ஆனாலும் ஒரு திரைக்கு இந்தப் பக்கம் வரிசை நீண்டிருக்க, அந்தப் பக்கம் மேசையைச் சுற்றிப் பட்டமேற்படிப்பு மாணவர், ஹவுஸ் சர்ஜன், இளநிலை மாணவர்கள் நின்றால், எத்தனை பெண்கள் ‘வலிக்குது, கையை எடு’ என்று சொல்வார்கள்? ‘கொஞ்சம் பொறுத்துக்கம்மா’ என்பதுதான் அங்கே வழக்கமாகக் கேட்கும் குரல். அயோவாவின் திரை முகத்தை மறைத்தது; இங்கே முகம் தெரிந்தும் வாய் எழுவதில்லை. திருமணமாகாத பெண்ணை உள்பரிசோதனை செய்வதில்லை என்ற வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்ற கேள்வி உடலுறவு பற்றிய கேள்விக்குப் பதிலாக நிற்கிறது. பொய்யான பதில் வந்தால் பரிசோதனையும் நோய்க்கணிப்பும் தடம் மாறிப்போகும். எதை எப்படிக் கேட்பது என்ற பாடம் இந்தக் குறுக்குவழியால் மாணவருக்குக் கிடைக்காமலே போகிறது.

பெண்ணின் சொல்லை நம்பாமல் விரலை மட்டும் நம்பிய கல்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கேயே சான்று இருக்கிறது. வன்புணர்வுக்கு ஆளான பெண்ணின் ‘கடந்த காலத்தை’ இரு விரலால் கண்டுபிடித்துவிடலாம் என்று தலைமுறை தலைமுறையாக இந்திய மருத்துவ மாணவர்கள் படித்தார்கள். அதற்கு அறிவியல் அடிப்படை எதுவும் கிடையாது. 2013இல் உச்ச நீதிமன்றம் அது பெண்ணின் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் மீறுவது என்றது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சோதனைக்குத் தடை விதிக்குமாறு தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டத்தையே மறுபரிசீலனை செய்யச் சொன்னது. ஒரு பரிசோதனையைப் பாடத்திலிருந்து எடுக்க நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. மாணவர்களோ ஆசிரியர்களோ நெடுங்காலம் அதைக் கேள்வி கேட்காமல் இருந்ததற்கு, விரல் சொன்னதை மறுக்கும் உரிமை அந்த அறையில் எவருக்கும் இல்லாமல் போனதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2019 முதல் எம்.பி.பி.எஸ். படிப்பில் திறன் ஆய்வகமும், நோயாளியிடம் பேசும் முறை, மருத்துவ அறம் ஆகியவற்றுக்கெனத் தனிப் பாடப்பகுதியும் கட்டாயமாகியிருக்கின்றன. நல்லதுதான். ஆனால் ஒன்று மாதிரியுருவத்தின் முன்னாலும் மற்றது வகுப்பறையிலும் நடந்தால், கையும் வாயும் தனித்தனியாகத்தான் பழகும். அயோவாவில் அவை இரண்டையும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் கற்பித்தார்கள்.

இந்தப் பரிசோதனையின் காலமே முடிகிறது என்று சிலர் சொல்லலாம். அறிகுறி ஏதும் இல்லாத, கருவுறாத பெண்களுக்கு வழக்கச் சோதனையாக இதைச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2014இல் பரிந்துரைத்தது. ஸ்கேன் வந்தபின் கருப்பையின் அளவைச் சொல்ல விரல் எதற்கு என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் வலியோடும் இரத்தப்போக்கோடும் வரும் பெண்ணுக்குக் கை வைத்துப் பார்ப்பது இன்னும் தேவைப்படுகிறது. குறைவாகச் செய்யப்படும் பரிசோதனையை இன்னும் நன்றாகக் கற்றிருக்க வேண்டியிருக்கிறது; பழகிக்கொள்ளும் வாய்ப்புகள் இனி குறையும்.

என் கணக்கில் இரண்டு வழிகளும் போட்டியாளர்கள் அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டியவை. முதலில் பேசும் உடலிடம் இயல்பையும் கையின் அளவையும் கற்ற மாணவர், பிறகு தியேட்டரில் நோயைத் தொட்டுக் கற்கட்டும், முந்தைய நாளே அந்தப் பெண்ணிடம் தன் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு. அப்படிக் கேட்டால் யாருமே சம்மதிக்க மாட்டார்கள், மருத்துவக் கல்வியே நின்றுவிடும் என்பது பழைய பயம். 2012இல் ஹவாய் மாநிலத்தில் இதற்குச் சட்டம் வந்தபோது அதை முன்னின்று கேட்டவர்களில் ஷான் பார்ன்ஸ் என்ற மருத்துவ மாணவரும் ஒருவர். முதலில் கேட்டுவிட்டால் என்ன என்பதே அவர் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையின் சாரம். அமெரிக்காவில் முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் கலிஃபோர்னியா, 2003இல். நாடு முழுவதற்குமான கூட்டரசின் வழிகாட்டுதல் 2024 ஏப்ரல் 1 அன்றுதான் வந்தது. கனடாவின் கால்கரியில் பெண்களிடமே கேட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வில், மயக்கத்தில் இருக்கும்போது மாணவர் பரிசோதிக்கச் சம்மதிப்போம் என்றவர்கள் 62 சதவீதம். தங்களிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் 72 சதவீதம். அந்த 62 சதவீதத்தில் சேராதவர்களில் சிலர் மாணவி என்றால் சரி என்றார்கள், சிலர் மறுத்தார்கள். கேட்காமல் செய்த காலத்தில் தியேட்டருக்குள் வந்தவர்களில் இந்த எல்லா வகைப் பெண்களும் இருந்திருப்பார்கள்.